ஆபீஸ் விருந்து: செலவு எங்கே குறையும்?

ஆண்டு விழாவோ ஆயுத பூஜையோ, சாப்பாட்டுக்கு இந்த வருடம் இவ்வளவுதான் என்று நிர்வாகம் கையை இறுக்கிவிட்டால், பொறுப்பாளர் முதலில் மெனுவைத்தான் வெட்டுகிறார். அங்கே மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நம்பிக்கை: இரண்டு ஐட்டத்தை எடுத்துவிட்டால் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். இலைக்கு 250 ரூபாய் என்று 200 பேருக்குச் சொல்கிறீர்கள். கூட்டையும் அப்பளத்தையும் எடுத்ததற்காகக் கேட்டரிங்காரர் இலைக்கு 20 ரூபாய் குறைத்தால் மிச்சம் 4,000 ரூபாய். அன்றைக்குச் சாப்பிட வந்தவர்கள் 160 பேர்தான் என்றால்? யாரும் உட்காராத 40 இலைக்கு 10,000 ரூபாய் போகிறது. சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் என்பதுதான் பொதுவான வழக்கம். உலை வைத்த பிறகு ஆள் குறைந்தால் அவர் என்ன செய்வார்?

அதனால் ஆள் கணக்கில்தான் உழைக்க வேண்டும். லீவில் இருப்பவர், நைட் ஷிஃப்ட்காரர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்று ஒவ்வொரு செக்‌ஷனிலும் பெயர் பெயராகக் கேளுங்கள். புரட்டாசியில் விழா வந்தால் சைவம் சாப்பிடுபவர்களைத் தனியாக எண்ணுங்கள். பிரியாணி அண்டா அப்படியே நிற்பது அந்த மாதத்தில்தான். எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்துச் சொல்லி, கூடுதல் இலைக்கு என்ன ரேட் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கான்ட்ராக்ட் ஆட்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மிச்சம்.

உண்மை: கேட்கவே மனம் கசக்கிறது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, விழா முடிந்ததும் ஹாலைப் பெருக்கப்போகிற அக்கா, டிரைவர்கள் என எல்லோரையும் சேர்த்தாலும் பல ஆபீஸ்களில் பத்துப் பதினைந்து இலைதான். வீணான அந்த 40 இலையில் அவர்கள் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். பட்டியலில் அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

நம்பிக்கை: பஃபே வைத்தால் செலவு குறையும்.

உண்மை: பரிமாறும் ஆள் கூலி குறையும், சரி. ஆனால் தட்டில் அள்ளிக்கொண்டு பாதியை வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தே சமையல்காரர் அளவைக் கூட்டுவார். சாதம், சாம்பார், பொரியலை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். வடைக்கும் ஸ்வீட்டுக்கும் மட்டும் ஆள் நிறுத்துங்கள்.

நம்பிக்கை: கம்பெனி பெயரில் பில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைத்துவிடும்.

உண்மை: உணவுக்கும் வெளிக் கேட்டரிங்கிற்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. சட்டப்படி நடத்தியே ஆகவேண்டிய தொழிற்சாலை கேன்டீன் போன்றவை விலக்கு. சாதாரணக் கேட்டரிங்கிற்கு வரி 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலில் நடத்தினால் 18 சதவீதம்.

நம்பிக்கை: பேப்பர் கப், பேப்பர் தட்டுதான் மலிவு.

உண்மை: பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் இருக்கும்போது எதற்காக வாங்க வேண்டும்?

நம்பிக்கை: விழா என்றால் மதியச் சாப்பாடு போட்டே ஆகவேண்டும்.

உண்மை: நிகழ்ச்சியை மூன்று மணிக்குத் தொடங்கினால் கேசரி, மெதுவடை, சுண்டல், ஃபில்டர் காபி போதும். மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் இதில்தான். அழைப்பில் ‘மாலை டிபன்’ என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மதியம் சாப்பிடாமலே வந்துவிடுவார்கள்.