தூக்கம் குறைந்த நாளில் என்ன சாப்பிடலாம்?

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் முதல் பாடவேளையிலேயே கொட்டாவி விடுவார்கள். இரவு நெடுநேரம் படிப்பு, காலையில் சிறப்பு வகுப்பு. 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும், 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும் தேவை.

“சார், தூக்கம் வராம இருக்க என்ன சாப்பிடணும்?” என்று ஒரு மாணவன் கேட்டான். தூக்கத்துக்கு ஈடான உணவு எதுவும் இல்லை என்றேன். ஆனால், தூக்கக் குறைவோடு தவறான உணவும் சேர்ந்து உடலைக் கெடுப்பதை நாம் தடுக்க முடியும். அதையே உணவூட்டம் பற்றிய பாடத்தோடு இணைத்துக் கற்பித்தேன்.

2004-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து ஒப்பிட்டனர். தூக்கம் குறைந்தபோது வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களின் மீது ஆசை பெருகியது. இடைவேளையில் பெட்டிக்கடைக்கு ஓடும் மாணவனைத் திட்டுமுன் இதை நினைவில் கொள்வோம்.

வகுப்பில் நாங்கள் பேசி முடிவு செய்தவை:

1. காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 5-ஆம் வகுப்பு வரைதான். சிறப்பு வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

2. சத்துணவில் தரும் முட்டை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஆகியவற்றை ஒதுக்கக் கூடாது. மாலைப் பசிக்குச் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா போதும்.

3. மாலை 4 மணிக்குமேல் தேநீர், காபி வேண்டாம். அவற்றிலுள்ள காஃபினில் பாதியளவு சுமார் 5 மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உட்கிரகிப்பும் குறையும்.

4. இரவு உணவை எளிமையாக, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும்.

செயல்பாடு: படுத்த நேரம், எழுந்த நேரம், காலை உணவு, மாலைத் தேநீர், சோர்ந்த பாடவேளை என ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணையை மாணவர்கள் ஒரு வாரம் நிரப்பட்டும். வார இறுதியில் அவர்களே ஒப்பிட்டுப் பேசட்டும்.

என் வகுப்பில் ஒரு மாணவியின் அட்டவணை மட்டும் வேறுபட்டிருந்தது. 9 மணி நேரம் தூங்கியும், காலையில் சாப்பிட்டும் எல்லாப் பாடவேளையிலும் சோர்வு. பெற்றோரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். இரத்தசோகை என்று தெரிந்து சிகிச்சை தொடங்கியது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்குகிறார்களா என்று அதன்பின் நான் நின்று பார்க்கிறேன்.

அட்டவணைகளைத் தலைமையாசிரியரிடமும் காட்டினேன். காலைச் சிறப்பு வகுப்பு இப்போது அரை மணி நேரம் தள்ளித் தொடங்குகிறது.