சாம்பலில் ஒரு ஜல்லி!



ஜல்லி என்றால் பாறைக்கு வெடி வைத்து உடைப்பது என்றுதான் நினைத்திருப்போம். நிலக்கரிச் சாம்பலிலும் ஜல்லி செய்யலாம். எப்படி என்று பார்ப்போமா?

சாம்பல் எங்கே கிடைக்கிறது?
நம் சேலம் மாவட்டத்து மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரிந்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். பெரும்பகுதி முகப்பவுடர் மாதிரி நைசாக இருக்கும். சும்மா கொட்டி வைத்தால் காய்ந்து காற்றில் பறக்கும், மூச்சிலும் போகும்.

செய்முறை
1. சாய்வாகச் சுற்றும் பெரிய தட்டில் சாம்பலைப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். அது உருண்டு உருண்டு கோலிக்குண்டு போல ஆகும். நம்ம ஊர்ப் பக்கம் ஈர மாவைத் துணியில் போட்டு ஆட்டி ஜவ்வரிசி ஆக்குவாங்களே, அதே மாதிரிதான்.
2. உருண்டைகளை 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடுவார்கள். சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரியும் அப்போது எரிந்து சூடு கொடுக்கும்.
3. துகள்களின் ஓரம் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் குட்டிக் குட்டிக் காற்றறைகள் நிற்கும். அதனால்தான் கனம் குறைவு.

என்ன லாபம்?
ஒரு கன அடி கருங்கல் ஜல்லி சுமார் 40 கிலோ. சாம்பல் ஜல்லி சுமார் 25 கிலோதான். கூரை லேசானால் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் பாரம் குறையும். மலையும் மிஞ்சும்.

எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. சாயங்காலம் கழுத்து வலிக்கு நான்தான் தைலம் தேய்ப்பேன். ஒரு சட்டியில் கருங்கல் ஜல்லி 20 கிலோ பிடித்தால், அதே சட்டியில் இது 12 கிலோவுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். 100 நடைக்கு எத்தனை கிலோ குறையும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்!

குறை இல்லையா?
உண்டு. சுடுவதற்குச் செலவு ஆகும். தண்ணீரை நிறைய உறிஞ்சும், அதனால் முதலில் நனைத்துவிட்டுத்தான் கலவையில் போட வேண்டும். இங்கிலாந்தில் 50 வருடத்துக்கு முன்பே இதை வைத்துக் கட்டினார்கள். நம் நாட்டில் 2018-இல் இதற்குத் தனித் தரநிலை வெளியானது. ஆனாலும் எங்க ஊர்க் கடையில் இன்னும் கிடைக்கவில்லை.

செய்து பாருங்கள்
ஒரு டம்ளர் கருங்கல் ஜல்லியையும் ஒரு டம்ளர் செங்கல் துண்டையும் தராசில் வையுங்கள். பிறகு இரண்டையும் தண்ணீரில் போடுங்கள். எதில் குமிழ் அதிகம் வருகிறது? ஏன்? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி