நங்கூரம் போட்டாயிற்றா? முதலில் இன்ஜினை அணையுங்கள்

மே மாதத்தின் கடைசித் திங்கள்கிழமை மெமோரியல் டே. அந்த வார இறுதியில் தொடங்கி, ஜூலை 4-ஐத் தாண்டி, செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே வரைக்கும் ஜார்ஜியாவின் லேனியர் ஏரியில் படகுகளுக்குக் குறைவிருக்காது. கம்மிங், சுவானி, ஜான்ஸ் கிரீக் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்நேரம் பேச்சு ஆரம்பித்திருக்கும். எத்தனை பான்டூன் படகு எடுப்பது, பிரியாணி யார் செய்வது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எந்தப் படகில் உட்கார வைப்பது. பிரியாணிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இந்த அறிவிப்புக்குக் கொடுங்கள்.

நான் கோஸ்ட் கார்ட் ஆக்ஸிலியரியில் தன்னார்வலன். படகுத்துறையில் நின்று, கேட்பவர்களின் படகுகளைச் சோதித்துக் கொடுப்பது வேலை. இலவசம், அபராதமும் கிடையாது. ஆனாலும் நம் ஆட்கள் என்னைக் கண்டதும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்துவிடுகிறார்கள்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அவரவர் அளவில். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் படகு ஓடும்போது அதைப் போட்டே இருக்க வேண்டும், ஜார்ஜியா சட்டம். நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் அவர்களும் போட வேண்டும். 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில் தூக்கி எறிவதற்கு ஒரு மிதவை. தீயணைப்பான். விசில். 1998 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர் ஓட்டுவதானால் படகுப் பாடம் முடித்த சான்று. ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது 2013 முதல் இங்கே படகுக்கும் வரம்பு. ஓட்டுபவரின் உடம்போடு இணைக்கும் கில் சுவிட்ச் கயிறு, படகு வேகமெடுக்கும் முன் மாட்டப்பட்டிருக்க வேண்டும். நங்கூரமிட்ட படகு, படகுத்துறை, நீந்தும் ஆள், இவற்றுக்கு 100 அடிக்குள் ஊர்ந்துதான் போக வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி இன்னும் ஒரு வரி. 2023-இல் அமெரிக்கா முழுவதும் உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் நான்கில் மூன்று, மூழ்கியதால். மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போடவில்லை. படகில் ஜாக்கெட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் யாராவது அதன் மேல் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி படகுகளைச் சேர்த்துக் கட்டும் விஷயம். அலையடங்கிய ஒதுக்குப்புறமாகப் பாருங்கள். இருக்கும் படகுகளில் பெரியது எதுவோ, நல்ல நங்கூரம் எதில் இருக்கிறதோ, அது முதலில் போய் நங்கூரம் போடட்டும். மற்றவை காத்திருக்கட்டும். ஆளாளுக்கு நங்கூரம் போட்டால் காற்று திரும்பும்போது கயிறுகள் பின்னிக்கொள்ளும். கயிற்றின் நீளம், ஆழத்தைப் போல ஏழு மடங்கு; ஆழத்தோடு படகு முனையின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 15 அடித் தண்ணீர், 3 அடி முனை என்றால் 126 அடிக் கயிறு வேண்டும். படகில் இருப்பது 50 அடிக் கயிறு என்றால் அது இடுப்பளவு தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே மட்டும்தான் உதவும். வாடகைப் படகுக்குக் கையெழுத்துப் போடும் முன் கயிற்றின் நீளத்தைக் கேளுங்கள். நங்கூரம் பிடித்துவிட்டதா என்று கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நகராமல் இருந்தால் அடுத்த படகு மெதுவாக அருகே வரட்டும்.

படகுகள் உரசாமல் தடுக்கும் ஃபெண்டர் பந்துகளைப் படகு நெருங்குவதற்கு முன்பே தொங்கவிடுங்கள். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒன்று, முன்னும் பின்னும் வழுக்காமல் இருக்கக் குறுக்காக ஒன்று. இரண்டு படகுகளுக்கு நடுவே காலையோ கையையோ கொடுத்துத் தள்ளாதீர்கள். ஒரு பான்டூனின் எடைக்கு உங்கள் கால் ஈடு கொடுக்காது. மாமாக்கள் இதைச் செய்வார்கள், தடுத்து உட்கார வையுங்கள்.

கட்டியாயிற்றா? இப்போது எல்லாப் படகிலும் இன்ஜினை அணையுங்கள். ஜெனரேட்டரையும் அணையுங்கள். ஒரு படகில் அல்ல. எல்லாப் படகிலும்.

இதற்காகத்தான் இந்த அறிவிப்பையே எழுதுகிறேன். மேலே சொன்னதில் பாதியை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். மூடிய கராஜில் காரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஏரி திறந்தவெளிதானே, மேலே வானம்தானே என்று கேட்கிறீர்கள். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

திறந்தவெளியில் நடந்ததையே சொல்கிறேன். அரிசோனாவில் லேக் ஹவாசு நகரம். லண்டனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய லண்டன் பாலம் நிற்பது அங்கேதான். அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடும் கால்வாயில் விடுமுறை நாட்களில் படகுகள் நெருக்கியடித்து நின்று, இன்ஜினை ஓடவிட்டபடியே கொண்டாடும். 2003 லேபர் டே வார இறுதியில் அந்தக் கால்வாயில் கார்பன் மோனாக்சைடு நஞ்சேறியவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கையே வெளியிட்டது. கூரை கிடையாது, சுவர் கிடையாது. படகுகள் நெருங்கி நின்றன, காற்று போதவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சேர்த்துக் கட்டும் ஐந்து படகுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. யோசித்துப் பாருங்கள். நங்கூரம் முன்னால் இருப்பதால் படகுகளின் முகம் காற்றைப் பார்த்து நிற்கும். புகைவாய் பின்னால். காற்று புகையைப் பின்னால் தள்ளும். ஏணி எங்கே? பின்னால். குதித்துக் குளிக்கும் மேடை எங்கே? பின்னால். மிதக்கும் மெத்தையைக் கட்டியிருப்பது எங்கே? அதுவும் பின்னால்தான். போதாததற்கு, வரிசையாக நிற்கும் படகுகளே காற்றை மறைத்துவிடும். புகை தண்ணீர் மட்டத்திலேயே தேங்கும். தண்ணீர் மட்டத்தில் இருப்பது பிள்ளைகளின் மூக்கு.

லேக் பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில் சகோதரர்களான இரண்டு சிறுவர்கள், தங்கள் ஹவுஸ்போட்டின் பின்மேடைக்கு அடியிலிருந்த இடைவெளிக்குள் நீந்திப் போனார்கள். ஜெனரேட்டரின் புகை அங்கேதான் வந்து விழுந்துகொண்டிருந்தது. இருவரும் இறந்தார்கள். அதற்குப் பின் தேசியப் பூங்காத் துறையும் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷும் அந்த ஏரியின் ஹவுஸ்போட்களை அளந்து பார்த்தபோது, அப்படிப்பட்ட இடைவெளிகளில் பத்து லட்சத்துக்கு 30,000 பங்கு வரை கார்பன் மோனாக்சைடு இருந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியோஷ் வகுத்திருக்கும் அளவு 1,200. அங்கே நாலைந்து மூச்சே அதிகம். தண்ணீரில் மயங்குகிறவர் கத்தமாட்டார், கையை வீசமாட்டார். பார்ப்பவர்கள் மூழ்கிவிட்டார் என்று நினைப்பார்கள்.

போன ஜூலை 4 வார இறுதியில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். வரிசையாகக் கட்டிய படகுகள். ஒன்றில் மட்டும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுப் பெட்டிக்கு பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். பக்கத்துப் படகின் ஏணியில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தலைவலி என்றான். அம்மா தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். வெயில்தான், கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே இரு, குளிர்ச்சியாக இருக்கும் என்றார் யாரோ ஒரு சித்தப்பா. பையன் மோரை வாந்தியெடுத்தான். நான் முதலில் அடுத்த படகின் சாவியைத் திருப்பினேன், பிறகுதான் பையனைத் தூக்கினேன். கரைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். அந்தப் படகுக்காரர் என்னிடம் கேட்டது: "எங்க படகுப் புகை அவன்கிட்ட எப்படிங்க போகும்?" போகும். 20 அடிக்குள் ஓடும் எந்த இன்ஜினின் புகையும் உங்கள் படகுக்கு வரும் என்றுதான் கோஸ்ட் கார்ட் எச்சரிக்கிறது. நீங்களோ 20 அங்குல இடைவெளிகூட விடாமல் கட்டியிருக்கிறீர்கள்.

இந்தச் சாக்குப் போக்குகளை நான் ஒவ்வொரு கோடையிலும் கேட்கிறேன். பாட்டுக்கு பேட்டரி இறங்கும் என்றால் தனி ஸ்பீக்கர் கொண்டுவாருங்கள். பாப்பாவுக்கு வியர்க்கிறது, ஏ.சி. வேண்டும் என்று ஜெனரேட்டர் போடுவதானால் கட்டை அவிழ்த்துக்கொண்டு தனியாகப் போய் நில்லுங்கள். அப்போதும் உங்கள் படகிலிருந்து யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. போன் சார்ஜ் ஏற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. "நியூட்ரலில்தானே இருக்கிறது" என்பது இன்னொன்று. நியூட்ரலில் புகை நிற்காது. சில படகுகளில் புரொப்பெல்லரும் முழுதாக நிற்காது. தண்ணீரில் ஆள் இருந்தால் சாவி பூட்டில் இருக்கக் கூடாது. படகு ஓடும்போது பின்மேடையைப் பிடித்துக்கொண்டு இழுபடுவதும் இதே கதைதான்; கலிஃபோர்னியாவில் அதைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இங்கும் செய்யாதீர்கள்.

அறிகுறிகள்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் சோர்வு, பேச்சில் குழப்பம். வெயிலிலும் இதே வரும், பீர் குடித்தாலும் இதே வரும், படகு ஆட்டத்திலும் இதே வரும். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நீங்கள் சந்தேகப்படுங்கள். சுற்றிலும் ஓடும் இன்ஜின்கள் எல்லாவற்றையும் அணைத்து, ஆளைக் காற்று வீசும் பக்கம், படகின் முன்புறத்துக்குக் கொண்டுபோய், 911-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உங்கள் பையில் இருக்கலாம், கோவிட் காலத்தில் வாங்கியது. அதைக் கார்பன் மோனாக்சைடு ஏமாற்றிவிடும்; 98 என்று காட்டும், ஆள் சாய்ந்துகொண்டிருப்பார். எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. கர்ப்பிணியாக இருந்தால் தாய் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் கட்டாயம் போயாக வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு அதிகம்.

சொந்தப் படகு, உள்ளே அறை இருக்கிறது என்றால் படகுக்கென்றே செய்த கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். அது கத்தும்போது தொந்தரவு என்று பேட்டரியைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மற்றவை. தலைகீழாகக் குதிக்க வேண்டாம். 1950-களில் சட்டஹூச்சி ஆற்றுக்குக் குறுக்கே புஃபோர்ட் அணை கட்டியபோது இந்த ஏரிக்குள் மூழ்கிய மரங்கள் இன்னும் அடியில் நிற்கின்றன. நங்கூரமும் சில சமயம் அதில் சிக்கும். பான்டூன் ஓடும்போது முன்கம்பிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார யாரையும் விடாதீர்கள். விழுந்தால் அடுத்து வருவது புரொப்பெல்லர். படகுத்துறைக்குப் பக்கத்தில் நீந்த வேண்டாம், அங்கே மின்சாரம் தண்ணீரில் கசியலாம். தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும் நேரத்துக்கு ஒரு பெரியவர், கையில் போனும் தட்டும் இல்லாமல். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல் மேற்கே இருட்டினால் மழை வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஒரே நங்கூரத்தில் ஐந்து படகு தொங்குவது இளங்காற்றுக்குத்தான். முதலில் எல்லோரும் படகில் ஏறி, தலை எண்ணி முடிக்க வேண்டும். பிறகு ஓரத்துப் படகு இன்ஜினைப் போட்டு அவிழ்த்துக்கொண்டு போகட்டும், அடுத்து அதற்குப் பக்கத்தது. நங்கூரம் போட்ட படகு கடைசி. உள்ளே பொருத்திய பெட்ரோல் இன்ஜின் என்றால் சாவியைத் திருப்பும் முன் நான்கு நிமிடம் புளோயரை ஓடவிடுங்கள். ஜூலை 4 வாணவேடிக்கைக்காக இருட்டிய பிறகும் இருப்பவர்கள், நங்கூரத்தில் நிற்கும்போது எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கைப் போட வேண்டும். வாடகைப் படகு என்றால் எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பல இடங்களில் இருட்டிய பிறகு ஓட்ட விடுவதில்லை.