நாய் கடித்தால் முதல் கால் மணி நேரம்



'குரைக்கிற நாய் கடிக்காது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழி நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாதே! குரைத்த நாயும் கடிக்கும். குரைக்காமல் பின்னால் வந்தும் கடிக்கும்.

முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென், மாடம்பாக்கம், வேங்கைவாசல் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், வயல் இருந்த இடமெல்லாம் இன்று வீடுகள். வீடு பெருகினால் குப்பை பெருகும். குப்பையில் கோழிக்கடைக் கழிவு விழுந்தால் அதைச் சுற்றி நாய்க் கூட்டம் சேரும். விடியற்காலையில் பால் வாங்கப் போகும் தாயும், கடைசி மின்சார ரயிலில் இறங்கி வீடு திரும்பும் தகப்பனும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அந்த வழியாகத்தான் போய் வர வேண்டும். ஆகவே இதைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள்.

எதற்காகப் பயப்பட வேண்டும்?

காயத்துக்காக மட்டும் அல்ல. வெறிநோய் கண்ட நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருக்கிறது. அது கடிவாய் வழியாக உள்ளே போய், நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஒரு வருஷம் கழித்தும் நோய் காட்டும். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால், பிறகு பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் அந்த நிலை வராமல் தடுக்க நம்மால் முடியும். தடுக்கும் வேலை உங்கள் வீட்டுக் குழாயடியிலேயே தொடங்குகிறது.

நாய் எதிர்த்து வந்தால்

ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள். அதன் கண்ணை முறைத்துப் பார்க்க வேண்டாம். முதுகையும் காட்ட வேண்டாம். சற்றுப் பக்கவாட்டில் திரும்பியபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போகும்போது துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். விழுந்து மண்டை உடையும். மெதுவாக நிறுத்தி இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்ந்தே விட்டால் பை, குடை, தூக்குச் சட்டி என்று கையில் இருப்பதை அதன் வாய்க்கு நேரே நீட்டுங்கள். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே சொல்லிக் கொடுங்கள். "நாய் வந்தா மரம் மாதிரி நில்லு. விழுந்தா மரவட்டை மாதிரி சுருண்டுக்கோ." குட்டி போட்ட நாய், தின்றுகொண்டிருக்கும் நாய், தூங்கும் நாய் இவற்றின் பக்கம் போகவே கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.

கடித்துவிட்டால்

முதல் வேலை கழுவுவது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் கழுவுங்கள். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு எதுவானாலும் சரி. குழாய் இல்லையென்றால் ஒருவர் செம்பால் ஊற்ற, ஒருவர் கழுவலாம். எச்சிலோடு வந்த கிருமியை சோப்பு அழிக்கும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். இதற்குக் காசும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதையும் அப்ப வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவதால் கிருமி சாகாது.

கழுவியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ அன்றைக்கே போங்கள். காயம் பெரிதாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பல் கீறி ரத்தம் வந்திருந்தாலும், ஏற்கெனவே உள்ள புண்ணை நாய் நக்கியிருந்தாலும், தடுப்பூசியோடு கடிவாயைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காவல் காப்பது அதுதான். ரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. "லேசான கீறல்தானே" என்று வீட்டில் நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

2023 நவம்பரில் சென்னை ராயபுரத்தில் ஒரே தெருநாய் 20 பேருக்கு மேல் கடித்தது. அதற்கு வெறிநோய் இருந்தது பின்னர் பரிசோதனையில்தான் தெரிந்தது. நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

தொப்புளைச் சுற்றி ஊசியா?

தாத்தா பாட்டி சொல்லும் பதினான்கு ஊசி, ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 2005-க்குப் பின் அது நம் நாட்டில் இல்லை. இப்போது தோள்பட்டையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வார்கள். முதல் ஊசி திங்கட்கிழமை என்றால் அந்த வியாழன் இரண்டாவது, அடுத்த திங்கள் மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள் கடைசி. சதையில் போடும் முறை என்றால் 14-ஆம் நாளும் ஓர் ஊசி உண்டு. காலண்டரில் அன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள். புண் ஆறிவிட்டது, கூலி போய்விடும் என்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

கர்ப்பிணிக்குப் போடலாமா?

நான் போன ஒரு வீட்டில் ஆறு மாத கர்ப்பிணியின் கெண்டைக்காலில் நாய் கடித்திருந்தது. மாமியார் சுண்ணாம்பு தடவி உட்கார வைத்திருந்தார். "மாசமா இருக்கிற பொண்ணும்மா. ஊசி போட்டா வயித்துப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ?" என்றார். அவர் பேச்சில் இருந்தது பாசம்தான். "பெரியம்மா, ஊசியால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஊசி போடாம விட்டா தாயும் இல்லே, பிள்ளையும் இல்லே" என்றேன். வேலையிலிருந்து வந்த கணவர் மறு பேச்சுப் பேசவில்லை. தானே செம்பால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அன்று மாலையே மனைவியை அழைத்துப் போனார். நான்கு முறையும் கூடவே போனார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், கைக்குழந்தைக்கும் இந்த ஊசி போடலாம். போட்டே ஆக வேண்டும். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். "நாய் கடிச்சா உடனே சொல்லு கண்ணு, திட்ட மாட்டோம்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

வீட்டு நாய் கடிக்காதா?

2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு வளர்ப்பு நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயும் கடிபட்டார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் அக்கம்பக்கத்தார் வளர்த்த நாய் தாக்கி ஒருவர் இறந்தே போனார். நாய் வளர்க்கும் வீட்டார் வருஷம் தவறாமல் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, வெளியே போகும்போது கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். எச்சில் இலையையும் இறைச்சிக் கழிவையும் தெருவில் வீசாமல் இருப்பது எல்லோருடைய கடமை.

நினைவில் வையுங்கள்

ஓடாதே, நில்.
கடித்தால் சோப்பும் தண்ணீரும், 15 நிமிஷம்.
அன்றைக்கே ஊசி. கடைசி ஊசி வரை ஊசி.

குழாயடியில் ஒரு சோப்பு எப்போதும் இருக்கட்டும். படித்து முடித்ததும் இந்தத் தாளைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள்.