நட்சத்திரம் பார்த்து மழை சொல்லலாமா?



முதற் கற்பனையைப் பற்றி ஞானோபதேசம் நடக்கும்போதெல்லாம் நம் விவசாயக் குடும்பங்களில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “சுவாமி, சகுனம் பார்க்கக் கூடாது, சோதிடம் கேட்கக் கூடாது என்கிறீர்கள். நாங்கள் ஈசல் கிளம்புவதைப் பார்த்தும், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவதைப் பார்த்தும் மழை சொல்லுகிறோமே, அதுவும் பாவந்தானா?” கேட்பவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. விதைப்பதா, பொறுப்பதா என்ற கவலை அவருக்கு.

வருகிற ஜூன் 24-ந் தேதி ஸ்நாபக அருளப்பர் பிறந்த திருநாள். அந்தத் திருநாளை ஒட்டியே, உலகத்தின் மறுகோடியிலுள்ள ஏழைக் குடியானவர்கள் நட்சத்திரம் பார்த்து மழை சொல்லுகிறார்கள். அவர்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர்களே. அவர்களை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோம்.

தென் அமெரிக்காவிலே பெரு, பொலிவியா என்னும் நாடுகளில் ஆண்டிஸ் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே 3,800 மீட்டர் உயரத்துக்கு மேலும் சிறு சிறு காணிகளில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நமக்கு அது கறி. அவர்களுக்கு அதுதான் சோறு. அக்டோபர் முதல் மார்ச்சு வரையில் மழைக்காலம். அதன் தொடக்கத்தில் விதைக்கிழங்கை ஊன்றவேண்டும். உருளைக்கிழங்கின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. ஊன்றிய பின் மழை ஏமாற்றினால் செடி காய்ந்துபோகும். விதையும் போயிற்று, அந்த வருஷத்துச் சாப்பாடும் போயிற்று. ஆகையால் எப்போது ஊன்றுவது என்பது அவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகளின் பசியைப் பற்றிய கேள்வி.

அதற்கு அவர்கள் செய்வது இதுதான். ஜூன் மாதம் அங்கே கடுங்குளிர் காலம். அருளப்பர் திருநாளையொட்டிய நாட்களில், விடியுமுன் மேட்டின்மேல் ஏறி வடகிழக்கு வானத்தைப் பார்க்கிறார்கள். பார்ப்பது எதை? நாம் கார்த்திகை என்று சொல்லுகிற அதே நட்சத்திரக் கூட்டத்தை. கெச்சுவா மொழியில் அதற்குக் ‘கொல்க்கா’ என்று பெயர். களஞ்சியம் என்று பொருள். அந்தக் கூட்டம் பளிச்சென்று பெரிதாகவும், மீன்கள் பலவாகவும் தெரிந்தால் மழை காலத்தோடு வரும் என்கிறார்கள். மங்கலாகத் தெரிந்தால் மழை பிந்தும், குறையும் என்று சொல்லி, நடவைச் சில வாரங்கள் தள்ளிப் போடுகிறார்கள்.

இது நேற்றுப் பிறந்த வழக்கம் அன்று. ஏறக்குறைய 1608-ம் வருஷத்தில், லீமா நகருக்குக் கிழக்கே ஊவாரோச்சிரி மலைநாட்டில் பிரான்சிஸ்கோ தே ஆவிலா என்ற பங்குக் குருவானவர் இருந்தார். விக்கிரக ஆராதனையை வேரோடு களைய வேண்டுமென்பது அவருடைய நோக்கம். அவருடைய முயற்சியை ஒட்டி, அவ்வூர் மக்களின் பழைய கொள்கைகளையும் சடங்குகளையும் பற்றிக் கெச்சுவா மொழியில் ஒரு கையெழுத்துப் பிரதி எழுதப்பட்டது. பொய்த் தேவர்களின் திருவிழாக்களைச் சொல்லுகிற அதே பிரதியில் இந்த நட்சத்திர அடையாளமும் இருக்கிறது. மீன்கள் பெரிதாக வந்தால் விளைச்சல், சிறிதாக வந்தால் கஷ்டம் என்று. களை பிடுங்கப் போனவர் கட்டிய கட்டில் நெற்கதிரும் சேர்ந்து வந்துவிட்டது! ஒரு குருவாக இருந்துகொண்டு நான் அவரைக் குறை கூறுவதற்கில்லை. அம்மக்கள் அந்த நட்சத்திரங்களுக்கு ஆராதனையும் செய்துவந்தார்கள். அதை அவர் கண்டித்தது நியாயமே. ஆனால் ஆராதிப்பது வேறு, கவனிப்பது வேறு.

கவனித்தது சரிதானா என்று சாஸ்திரிகள் பிற்காலத்தில் சோதித்தார்கள். பெஞ்சமின் ஓர்லவ், ஜான் சியாங், மார்க் கேன் என்ற மூவர் தங்கள் ஆராய்ச்சியை 2000-ம் வருஷத்தில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பசிபிக் சமுத்திரத்தில் சில வருஷங்களுக்கு ஒருமுறை தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சூடேறும். அதற்கு ‘எல் நீன்யோ’ என்று பெயர். கிறிஸ்துமஸ் காலத்தில் அந்தச் சூடான நீரோட்டம் வருவதைக் கண்ட பெரு நாட்டுச் செம்படவர்கள், பாலனாகிய சேசுவை நினைத்து வைத்த பெயர் அது. அந்த வருஷங்களில் ஜூன் மாதத்திலேயே ஆண்டிஸ் வானத்தில் மிக உயரத்தில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மேகங்கள் மிகுந்துவிடுகின்றன. பகலில் பார்த்தாலும் தெரியாத அந்த மேகம் மங்கலான மீன்களை மறைத்து விடுகிறது. அதே எல் நீன்யோதான் பின்வரும் மாதங்களில் அம்மலைகளில் மழையையும் குறைக்கிறது. ஒரே காரணத்துக்கு இரண்டு விளைவுகள்: முந்தியதைக் கண்டு பிந்தியதைச் சொல்லுகிறான் குடியானவன். நம் ஊரில் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவதும் உயரத்து மெல்லிய மேகத்திலுள்ள பனித் துகள்களால்தான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் குறி பார்ப்பதைப் பற்றி எழுதும்போது இதைத்தான் பிரித்துக் காட்டுகிறார். இயற்கைக் காரணத்தினால் ஒன்றோடொன்று இணைந்தவற்றை அடையாளமாகக் கொள்வது குற்றமன்று; காகம் ஓயாமல் கரைவதைக் கொண்டு மழை சொல்லுவதையே அவர் உதாரணமாகக் காட்டுகிறார். ஈசல் கிளம்ப ஈரமான காற்று வேண்டும். ஆகவே ஈசலுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டு. பூனை குறுக்கே போனதற்கும் உங்கள் மகளின் கலியாணம் நடப்பதற்கும் என்ன சம்பந்தம்? சர்வேசுரனுக்குரிய காரியத்தைப் பூனையிடம் ஒப்படைப்பதுதான் முதற் கற்பனைக்கு விரோதம்.

நமது ஆண்டவரும் மேற்கே மேகம் எழும்பினால் மழை, தெற்கத்திக் காற்றடித்தால் வெப்பம் என்று ஜனங்கள் சொல்லி வந்ததைத் தவறென்று சொல்லவில்லை (அர்ச். லூக்காஸ், 12-ம் அதிகாரம்). வானத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தம்முடைய காலத்தைப் படிக்கவில்லையே என்றுதான் கடிந்துகொண்டார். பலஸ்தீனாவுக்கு மேற்கே கடல், தெற்கே பாலைவனம். அடையாளம் அந்த இடத்துக்குப் பொருந்தியது. நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை கிழக்குக் கடலிலிருந்து வருகிறது. ஓரூர் அடையாளத்தை மற்றோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே இந்தத் திருநாளில் யாரும் விடியற்காலையில் கார்த்திகையைப் பார்த்து நம் வயலுக்கு நாள் குறிக்க வேண்டாம்.

ஆண்டிஸ் குடியானவர்களின் கணக்கும் எல்லா வருஷமும் பலிப்பதில்லை. மழைக்கு எல் நீன்யோ ஒன்று மட்டுமா காரணம்? அன்றியும், பூமி சூடேறிவரும் இந்நாளில், முன்னோர் கண்ட அடையாளங்கள் முன்போல் பொருந்துகின்றனவா என்று திரும்பப் பார்க்கவேண்டியிருக்கிறது. கைப்பேசியில் வரும் வானிலை அறிவிப்பைக் கேட்பதனால் பாட்டனாருக்கு மரியாதை குறைந்துவிடாது. புயல் எச்சரிக்கை வந்தால் ஈசலுக்காகக் காத்திருப்பது புத்தியன்று.

ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் இந்த வாரம் தங்கள் தாத்தா பாட்டியிடம் மழை அடையாளங்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரவும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பத்திகள் விடவும்: கண்ட தேதி ஒன்றில், மழை வந்த தேதி மற்றொன்றில். வராவிட்டால் வரவில்லை என்றே எழுதவும். மார்கழி முடிந்ததும் நோட்டுகளைச் சேர்த்துப் பார்ப்போம்.