கஞ்சியோடு நில்லாமல்: கிரேக்க, செஃபார்டிக் இல்லங்களின் மென்கட்லெட்

சிகிச்சைக் காலத்தில் பசி மந்தமாவதும், உணவை மெல்லுவது கடினமாவதும் இயல்பு. அந்நாட்களில் பல இல்லங்களில் கஞ்சியும் ரசம் சாதமுமே நோயாளியின் உணவாக அமைந்துவிடுகின்றன. அவை எளிதில் உள்ளே இறங்கும். ஆயின் அவற்றில் புரதம் மிகக் குறைவு. புரதக் குறைவு வாரக்கணக்கில் நீடித்தால் தசைகள் மெலியும். அறுவைக் காயம் ஆறத் தாமதமாகும். எழுந்து நடக்கும் வலுவும் குன்றும். சிறிய அளவில் உண்ணத் தக்கதாக, மென்மையாக, புரதமும் உடையதாக எதைச் சமைக்கலாம் என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கு ஒரு விடையாக, கிரேக்க நாட்டிலும் செஃபார்டிக் யூதர் இல்லங்களிலும் வழங்கும் கட்லெட் வகையை இவ்விதழில் விளக்குகிறோம்.

உணவின் வரலாறு

செஃபார்டிக் யூதர் என்போர் ஸ்பெயினில் வாழ்ந்த யூதர்களின் வழிவந்தவர்கள். 1492இல் அந்நாட்டு அரசாணையால் வெளியேற்றப்பட்டோரில் பலர் துருக்கிய ஒட்டோமான் பேரரசில் அடைக்கலம் பெற்றனர். இஸ்தான்புல், இஸ்மிர், இன்று கிரேக்கத்தில் உள்ள தெசலோனிக்கி ஆகிய நகரங்களில் அவர்கள் குடியேறினர். தெசலோனிக்கியின் யூத சமூகத்தில் மிகப் பெரும்பாலோர் 1943இல் நாஜிகளால் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அழிக்கப்பட்டனர். எஞ்சியோரும், முன்னரே வேறு நாடுகளுக்குப் பெயர்ந்தோரும் தங்கள் சமையல் முறையைக் காத்து வந்துள்ளனர்.

அம்முறையில் முதன்மையான ஒன்று 'கெஃப்தெஸ் தெ ப்ராசா' எனப்படும் லீக்ஸ் கட்லெட். யூதப் புத்தாண்டிலும் பஸ்கா விழாவிலும் இது சிறப்பாக இடம்பெறுகிறது. கிரேக்கர் தம் இறைச்சிக் கட்லெட்டைக் 'கெஃப்தேதெஸ்' என்பர். நனைத்த ரொட்டியும் புதினாவும் சேர்ப்பர். இறைச்சி விலக்கிய நோன்பு நாட்களில் கொண்டைக்கடலையைக் கொண்டும் இதே வடிவில் செய்வர். இப்பெயர்கள், இடித்தல் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தவை. நம் உணவகங்களில் வழங்கும் 'கோஃப்தா'வும் அதே சொல்லின் மற்றொரு வடிவமே. இறைச்சி கொஞ்சம், காய்கறி மிகுதி என்னும் சிக்கனமே இவ்வுணவின் அடிப்படை. இடித்தும் மசித்தும் செய்வதால் பல் வலுவற்றோரும் இதனை உண்ண இயலும்.

செய்முறை (12 கட்லெட்டுகள்)

லீக்ஸ் 500 கிராம், வேகவைத்து மசித்த நடுத்தர உருளைக்கிழங்கு 1, கோழி அல்லது ஆட்டுக் கொத்துக்கறி 200 கிராம், முட்டை 2, ரொட்டித்தூள் 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சிறிது மிளகுத்தூள்.

லீக்ஸ் என்பது வெங்காயக் குடும்பத்தைச் சார்ந்தது. அதன் மடல்களுக்கிடையே மண் தங்கியிருக்கும். ஆதலால் நீளவாக்கில் பிளந்து நன்கு கழுவுங்கள். வெண்பகுதியையும் இளம்பச்சைப் பகுதியையும் பொடியாக நறுக்கி, 15 நிமிடம் நீரில் வேகவையுங்கள். நீரை வடித்து ஆறவிட்டு, தூய துணியில் இட்டு இறுகப் பிழியுங்கள். இப்படியே இச்சமையலின் உயிர்நாடி. நீர் தங்கினால் மாவு பிரியும். அதை இறுக்கக் கூடுதல் ரொட்டித்தூள் வேண்டியிருக்கும். புரதம் குறைந்து மாவுச்சத்து மிகும்.

மற்றப் பொருட்களைச் சேர்த்துப் பிசைந்து, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு, மிதமான தீயில் ஒவ்வொரு புறமும் நான்கைந்து நிமிடம் வேகவிடுங்கள். எண்ணெய் போதிய சூடேறிய பின்னரே இட வேண்டும். சூடு குறைந்திருந்தால் மேற்புறம் இறுகத் தாமதமாகி, கட்லெட் எண்ணெயை உறிஞ்சும்.

மூன்று கட்லெட்டுகளில் ஏறத்தாழ இரண்டு முட்டைகளுக்கு நிகரான புரதம் கிடைக்கும். ஒரே வேளையில் மூன்றையும் உண்ண இயலாதவருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகச் சூடுபடுத்திக் கொடுங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம்

முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அவை உட்புறமெங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே மேற்புறம் பொன்னிறமானது உள்ளே வெந்ததற்குச் சான்றாகாது. உட்பகுதி ஆட்டுக்கறியாயின் 71 டிகிரி செல்சியஸும், கோழியாயின் 74 டிகிரியும் எட்ட வேண்டும். வேதிச்சிகிச்சை பெறுவோர், உறுப்புமாற்றம் செய்துகொண்டோர், கர்ப்பிணியர் ஆகியோருக்குச் சமைக்கையில் உணவு வெப்பமானி ஒன்றைப் பயன்படுத்துங்கள். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கடும் வெயில் நாட்களில் ஒரு மணி நேரமே எல்லை. எஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் ஆவி பறக்கச் சூடுபடுத்தி உண்ணுங்கள்.

யார் எதைக் கவனிக்க வேண்டும்?

விழுங்குதலில் இடர்ப்பாடு உடையோர்: மொறுமொறுப்பான மேற்புறமும் உதிரும் துகள்களும் மூச்சுப்பாதையில் செல்லக்கூடும். செஃபார்டிக் இல்லங்களில் பொரித்த கட்லெட்டுகளைத் தக்காளிச் சாற்றிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கொதிக்கவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு செய்தால் அவை மென்மையாகும். எனினும் பக்கவாதத்துக்குப் பின், விழுங்குதல் பரிசோதனை முடிந்து அனுமதி பெற்ற பின்னரே கொடுக்க வேண்டும். முட்டையும் எலுமிச்சையும் கலந்து இளஞ்சூட்டில் செய்யும் குழம்பை நோயெதிர்ப்பு குறைந்தோர் தவிர்க்க வேண்டும். அதில் முட்டை முழுமையாக வேகாதிருக்கலாம்.

சிறுநீரக நோயாளர்: லீக்ஸை வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவதால் பொட்டாசியம் ஓரளவு குறையும். உருளைக்கிழங்கை விடுத்து, ரொட்டித்தூளைச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்வோருக்கும் செய்யாதோருக்கும் புரத அளவு வேறுபடும். உங்களுக்குரிய அளவைக் கேட்டறியுங்கள்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோர்: கிரேக்கச் சுக்கினிக் கட்லெட்டில் ஃபெட்டா பாலாடைக்கட்டி சேர்ப்பர், அதில் உப்பு மிகுதி. அதை விட்டுவிட்டுப் புதினாவும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம்.

வார்ஃபரின் உட்கொள்வோர்: லீக்ஸில் வைட்டமின் கே உண்டு. இதனைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்ணுங்கள்.

புலால் உண்ணாதோர்: குழைய வேகவைத்த கொண்டைக்கடலையை மசித்து, வெங்காயமும் புதினாவும் சிறிது மாவும் சேர்த்துச் செய்யலாம். முட்டை கட்டாயமன்று. சிறுநீரக நோயாளர் மட்டும் முன்னரே ஆலோசனை பெற வேண்டும்.

கஞ்சியை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அதனோடு புரதம் உடைய ஒன்றும் தட்டில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நோயாளி ஒவ்வொரு நாளும் எவ்வளவு உண்டார் என்பதையும், வாரம் ஒருமுறை எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வருகையில் அதனைக் கொண்டுவந்தால், உங்களுக்கேற்ற உணவுத் திட்டத்தை உணவியலாளருடன் சேர்ந்து வகுத்துத் தருவோம்.