திறந்த மென்பொருளும் அதன் இலச்சினையும்

கணிப்பொறியின் பல்வேறு உறுப்புகளை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயக்க முறைமை என்று பெயர். இவற்றுள் சிலவற்றின் மூல நிரல், எவரும் படிக்கவும், திருத்தவும், பிரதி எடுத்துப் பிறருக்கு வழங்கவும் தக்கவாறு வெளியிடப்படுகிறது. பள்ளிகளில் இத்தகைய முறைமைகளைக் கையாளுவோரிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. நிரல் பொதுவாயின் அதன் பெயரும் படமும் பொதுவே என்பது அவ்வெண்ணம். உண்மையில், நிரலை ஆளுவது பதிப்புரிமை உரிமம். பெயரையும் இலச்சினையையும் ஆளுவது பெரும்பாலும் வர்த்தகச் சின்னச் சட்டம். இவை இரண்டும் வேறு வேறானவை.

லினக்ஸ் என்னும் கருவகத்தை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அதற்குரிய அடையாளம் 1996-ஆம் ஆண்டில் பிறந்தது. வயிறாற மீனுண்டு களைப்பாறி அமர்ந்திருக்கும் பென்குவின் பறவையே தமக்கு உகந்தது என்று டோர்வால்ட்ஸ் கூறினார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த லாரி யூவிங் அதனை வரைந்தார். அதற்கு அவர் பயன்படுத்திய கிம்ப் என்னும் மென்பொருளும் திறந்த வகையைச் சேர்ந்ததே. டக்ஸ் எனப் பெயர் பெற்ற இப்பறவையை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். எவரேனும் வினவினால் வரைந்தவரையும் கிம்ப்பையும் குறிப்பிட வேண்டும் என்பதே யூவிங் விதித்த நிபந்தனை. இத்துணைத் தாராளம் எல்லா இலச்சினைகளுக்கும் வாய்ப்பதன்று. லினக்ஸ் என்ற சொல்லே டோர்வால்ட்ஸ் பெயரில் பதிவான வர்த்தகச் சின்னமாகும்.

டெபியன் என்ற திட்டத்தார் இச்சிக்கலை நன்கு சிந்தித்தவர்கள். 1999-ஆம் ஆண்டில் அவர்கள் இரு வடிவங்களை ஏற்றனர். சிவப்புச் சுழி மட்டும் உள்ளது எல்லோருக்கும் உரியது. குப்பியினின்று அச்சுழி புகைபோல் எழுவது திட்டத்தின் அதிகாரபூர்வ வெளியீடுகளுக்கு மட்டும் உரியது. ஒரே இலச்சினையில் விருந்தினர்க்கும் வீட்டாருக்கும் தனித்தனி வாயில் வைத்தது போன்றது இது.

அதே டெபியன் திட்டத்தார் பிறருடைய சின்னத்தால் இடர்ப்பட நேர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸ் என்னும் இணைய உலாவியின் நிரல் திறந்தது. அதன் படமோ திறந்த உரிமத்தில் வழங்கப்படவில்லை. ஆகவே படத்தை நீக்கிப் பெயரை மட்டும் டெபியன் வைத்திருந்தது. பெயரை இடுவதானால் படத்தையும் இடவேண்டும், செய்யும் திருத்தங்களுக்கும் ஒப்புதல் பெறவேண்டும் என்று மொசில்லா 2006-ஆம் ஆண்டில் வற்புறுத்தியது. விளைவாக, டெபியனில் அவ்வுலாவி ஐஸ்வீசல் என்ற பெயரைப் பூண்டது. நெருப்புக்கு எதிராகப் பனியை நிறுத்திய அப்பெயரின் குறும்பு வெளிப்படை. 2016-ஆம் ஆண்டில் இணக்கம் ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பிற்று.

ரெட் ஹாட் நிறுவனத்தின் மூல நிரலிலிருந்து 2004-ஆம் ஆண்டு முதல் வெளியான சென்ட்ஓஎஸ் முறைமையும் செந்தொப்பியையும் நிறுவனப் பெயரையும் அகற்றிய பின்னரே வழங்கப்பட்டது. மூலத்தைக் குறிக்க நேர்ந்தபோது, வட அமெரிக்காவின் பிரபல நிறுவனம் ஒன்று என்றே அதன் வெளியீட்டாளர் எழுதி வந்தனர்! நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் முறைமையும் தனிப் பெயரும் தனி இலச்சினையும் உடையது. பள்ளிக்கென ஒரு முறைமையைத் திருத்தி வெளியே வழங்க விரும்பும் ஆசிரியர், மூலத் திட்டத்தின் சின்னக் கொள்கையை முதலில் படித்தல் அவசியம். உதாரணமாக, உபுண்டுவைத் திருத்தி அப்பெயரிலேயே வழங்குவதற்கு அதன் உரிமையாளரான கனானிகல் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இன்றேல் சின்னங்களை நீக்கிவிட வேண்டும்.

தாராளமாக நிரலை ஈபவர் சின்னத்தில் மட்டும் கண்டிப்புக் காட்டுவது ஏன்? ஒரே நிரலைப் பலர் திருத்தி வழங்கும்போது, கைக்கு வந்தது யாருடைய படைப்பு என்பதைப் பயனாளருக்கு உணர்த்துவது சின்னமே. ஆயினும் சட்டத்தை மதியாதவனைச் சின்னம் தடுக்காது. 2016 பிப்ரவரி 20-ஆம் நாள் லினக்ஸ் மின்ட் தளத்தினுள் புகுந்த ஒருவர், கள்ள வழி பொருத்திய பிரதிக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார். அன்று அதை இறக்கியோர் கண்டது மின்ட்டின் பெயரும் தோற்றமுமே. எனவே நிறுவும் முன்னர்க் கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட வேண்டும். அத்தொகையும் அதே தளத்தில் மாற்றப்பட்டிருக்கக் கூடுமாதலால், அதன்மீதுள்ள இலக்கக் கையொப்பத்தை, முன்னரே வேறு வழியில் பெற்றுவைத்த திறவுகோலைக் கொண்டு சோதித்தல் வேண்டும்.